ஓக்சுன் சொன்ன முடிவு

ஓக்சுன் அக்கா கதை சொல்ல ஆரம்பித்தால் எங்கள் நூலகத்தில் பார்லி டீ ஆறிப்போகும். தென் கொரியாவின் குன்சான் துறைமுகத்துக்குப் பின்னால், அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கும் சின்ன நூலகம் அது. புத்தகம் கொடுத்து வாங்கும் மேஜையில் நான் இருக்கிறேன். வியாழன்தோறும் மதியம் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி, தற்சமயம் என்ன படித்துக்கொண்டிருக்கிறோம் என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள்.

அக்காவுக்கு அறுபது நெருங்குகிறது. சந்தையில் கிம்ச்சி ஊறுகாய்க் கடை வைத்திருக்கிறாள். சின்ன வயதிலேயே பள்ளியை விட்டுச் செருப்புத் தொழிற்சாலைக்குப் போனவள். அங்கே பசை நாற்றத்துக்கு நடுவே கை தைத்துக்கொண்டிருக்க, வாய் ஏதாவது நாவலைச் சொல்லிக்கொண்டே போகுமாம். கதை நின்றுவிடக் கூடாதென்று பக்கத்துப் பெண்கள் அவள் வேலையையும் சேர்த்துச் செய்து கொடுத்திருக்கிறார்கள். அழகுக்கோ படிப்புக்கோ யாரும் அவளைத் திரும்பிப் பார்த்ததில்லை. கதைக்குப் பார்த்தார்கள். எங்கள் கூட்டத்திலும் அப்படித்தான். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, வில்லனின் இருமல் உட்பட, எதையும் விடாமல் சொல்வாள். நாங்கள் சிரிப்போம், மூக்கைச் சிந்துவோம்.

இலையுதிர் காலத்தில் சேரான் வந்து சேர்ந்தாள். நகரப் பேருந்து ஓட்டுபவள். நாற்பது வயதிருக்கும். சீருடையோடு வந்து ஓரமாக உட்கார்ந்தாள். அவள் முறை வந்தபோது மடியிலிருந்த புத்தகத்தைத் தடவிக்கொண்டே பேசினாள்.

"இதுல ஒரு பொண்ணு புருஷன்கிட்ட சொல்லாம கப்பல் ஏறிட்டா. கையில தையல் மிஷின் மட்டும்தான். நான் அங்கதான் நிக்கிறேன். மேல படிக்கணும்னு ஆசையா இருக்கு. தீர்ந்துடுமேன்னு பயமாவும் இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். கூட்டம் முடிந்ததும் ஒருத்தி விடாமல் என் மேஜைக்கு வந்து அந்தப் புத்தகத்துக்குப் பெயர் பதிந்தார்கள். எல்லோரும் போன பிறகு அக்கா வந்தாள்.

"நான் சொன்ன புஸ்தகத்துக்கு என்னைக்காவது இப்படி வந்து நின்னிருக்காளுங்களா?"

"இல்லக்கா. நீங்கதான் முழுசா சொல்லிடறீங்களே."

ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

மறுநாளே கடையைப் பாதியில் சாத்திவிட்டுப் போய் அந்தப் புத்தகத்தை விலைக்கு வாங்கினாள். அடுத்த வியாழக்கிழமை சேரான் ஆசையாக, "அவ இப்ப ஒரு தீவுல இறங்கியிருக்கா," என்றாள்.

"அந்தத் தீவுலதான் சாகப்போறா," என்றாள் அக்கா. "விஷக்காய்ச்சல். மிஷினைப் புருஷன் வந்து எடுத்துட்டுப் போவான்."

சேரான் புத்தகத்தை மூடினாள்.

"ஏன்க்கா இப்படி?" என்று கேட்டாள் மால்சுன். அக்காவின் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரி.

"எப்படியும் தெரியத்தானே போகுது."

பெயர் பதிந்தவர்களில் பாதிப் பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சேரானும் வருவதை நிறுத்திவிட்டாள். அக்கா மறுபடி முழுமூச்சாகக் கதை சொன்னாள். பெண்கள் கேட்டார்கள், ஆனால் கண் வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

குளிர் காலத்தில் ஒரு நாள் மால்சுன் வாய் தவறி, "சேரான் இப்ப ஒரு தேனீக்காரன் கதை படிக்கிறா," என்று உளறிவிட்டாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

மால்சுன் விழித்தாள். பிறகு சொன்னாள். கூட்டத்துப் பெண்கள் சிலர் கடற்கரையில் இருக்கும் கடைசி நிறுத்தம்வரை சேரானின் பேருந்தில் போவார்களாம். அங்கே அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு. காபி குடித்தபடி புத்தகம் பேசுவார்களாம். இரண்டு மூன்று பேர் வழக்கமாகப் போகிறார்களாம்.

அக்கா உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சை அப்படியே கீழே வைத்தாள். புருஷனுக்கு இன்னொரு குடும்பம் இருப்பதைக் கேள்விப்பட்டவள் போல உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரமே அவளும் அந்தப் பேருந்தில் ஏறினாள். கடைசி இருக்கை. எல்லோரும் இறங்கியும் இவள் எழுந்திருக்கவில்லை. சேரான் பின்னால் வந்து நின்றாள்.

"அக்கா, இதுக்கு மேல பஸ் போகாது."

"உன்மேல வயித்தெரிச்சல். அதான் அன்னைக்குச் சொன்னேன்."

"தெரியும். மூஞ்சியிலயே எழுதியிருந்துச்சு."

"கோவமா?"

"பின்ன? சாகப்போறான்னு தெரிஞ்சே மிச்சத்தை எல்லாம் படிச்சேன். அவ சிரிக்கிற பக்கத்துலகூட என்னால சிரிக்க முடியல."

அக்கா, "தேனீக்காரன் கதை எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்டாள்.

"உங்ககிட்ட மட்டும் சொல்ல மாட்டேன்," என்றாள் சேரான். ஆனாலும் தன் காபியில் பாதியைக் காகிதக் குவளையில் ஊற்றிக் கொடுத்தாளாம்.

இதையெல்லாம் அக்காவேதான் என்னிடம் சொன்னாள், ஒரு இருமல் விடாமல்.

வசந்தத்தில் சேரான் திரும்ப வந்தாள். அவள் பேசும்போது அக்கா கையை இறுகக் கட்டிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள், இன்றைக்கும். ஆனால் ஒரு வியாழன் அவளும் கதையைப் பாதியில் நிறுத்திப் பார்த்தாள். அண்ணனும் தம்பியும் கிணற்றடியில் கத்தியோடு நிற்கும் இடம். "மிச்சத்தை நீங்களே படிச்சுக்கங்க," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் காலை எனக்குப் போன் செய்து மிச்சத்தை ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள். தீர்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"யாராவது அதை எடுத்தாங்களா?"

"எடுத்தாங்கக்கா. நேத்தே."

"யாரு?"

"சேரான்."



"அவளா," என்றாள் அக்கா. "அவ படிச்சுட்டு வந்து என்னைவிட நல்லா சொல்லிடுவாளே."