அத்தையின் பிறந்த வருஷம்

எங்கள் வீட்டில் செத்தவர்களின் திதி எல்லோருக்கும் மனப்பாடம். தாத்தா எந்த மாதம், எந்தத் திதியில் போனார் என்று கேட்டால் அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொல்லிவிடுவாள். உயிரோடு இருப்பவர்கள் எப்போது பிறந்தார்கள் என்பதுதான் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. 2006-இல், ஆறாம் வகுப்பு படித்தபோது, அந்தக் குறையைத் தீர்க்க நான் ஒரு பலகை செய்தேன்.

பள்ளிக்கூடத்தில் கைவேலை டீச்சர் சொல்லிக்கொடுத்ததுதான். தெருமுனைத் தச்சுப் பட்டறையில் கெஞ்சி வாங்கிய பிளைவுட் துண்டு ஒன்று. அதன் அடி ஓரமாகப் பன்னிரண்டு சின்ன ஆணிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு மாதத்தின் பெயர். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வட்ட வட்டமாக வெட்டி, ஆளுக்கு ஒரு வட்டம் எழுதி, உல்லன் நூலில் கோத்து அவரவர் மாதத்து ஆணியில் தொங்கவிட வேண்டும். உறவு, தேதி, வருஷம். ஜூன் மாதத்தில் மட்டும் நாலு பேர் ஒருவருக்குக் கீழ் ஒருவராகத் தொங்கினார்கள். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டுக்கொடுத்த பிறந்தநாள்கள் அவை. அப்பாவும் அதில் ஒருவர். அம்மாவுக்குச் சான்றிதழ்கூட இல்லை. பண்ருட்டிப் பலாப்பழம் வண்டி வண்டியாக வரும் காலத்தில் பிறந்தாளாம். நானே யோசித்து மே மாதம் பத்தாம் தேதி கொடுத்தேன். மறுக்காமல் வாங்கிக்கொண்டாள்.

சொந்தப் பிறந்தநாளைச் சரியாகத் தெரிந்து வைத்திருந்தவள் அத்தை ஒருத்திதான். அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு டைப்பிங் கடையில் வேலை. தேதி, கிழமை, மணி எல்லாம் சொன்னாள். ஆனால் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அத்தைக்கு மட்டும் வருஷம் போடாதே என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, போடாதேன்னா போடாதே என்பதுதான் பதில்.

அத்தைக்கு அப்போது முப்பத்து மூன்று. வெளியில் சொல்லிவந்தது இருபத்தெட்டு. வந்த வரன்கள் எல்லாம் வயதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனதால், அப்பா ஒரு ஜோசியரைப் பிடித்து ஜாதகத்தைப் புதிதாக எழுதி வாங்கியிருந்தார். அந்த ஜாதகத்துக்குத்தான் சிதம்பரத்திலிருந்து ஒரு வரன் பொருந்தி வந்தது. மாப்பிள்ளைக்குச் சொந்தமாகப் பாத்திரக்கடை. முதல் மனைவி ஒரு வருஷத்துக்குள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள் என்பதை அப்பா தணிந்த குரலில் சொன்னார். கடை இருப்பதை மட்டும் சத்தமாகச் சொன்னார். அந்த வாரம் முழுக்க அத்தையும் அப்பாவும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், நான் கூடத்தில் உட்கார்ந்து நூல் கோத்துக்கொண்டிருந்தேன். அம்மா கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் வட்டத்தை எடுத்துப் பார்த்தாள். எல்லாருக்கும் வருஷம் இருக்கிறதே, எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டாள். அம்மா சொன்னதைச் சொன்னேன். ஸ்கெட்ச் பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“எழுபத்து மூணுன்னு போடு பாப்பா. நீயே எழுது, உன் கையெழுத்துலயே இருக்கட்டும்.”

எழுதினேன். உள் அறையில் மாட்ட இருந்த பலகையை டிவிக்கு மேலே மாட்டலாம் என்றதும் அவள்தான். வருகிறவர்கள் என் கைவேலையைப் பார்க்கட்டுமாம். ஆணி அடிக்க நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அம்மா திரும்பி வந்து பலகையைப் பார்த்தாள். மறுநாள் கேசரிக்கு ரவை போதுமா என்ற கவலையில் கிட்டே போய்ப் படிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேனில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை தலை நிமிரவே இல்லை. பேசியதெல்லாம் அவருடைய அம்மாவும் தாய்மாமனும்தான். அத்தை பட்டுப் புடவையில் காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பலகை கண்ணில் பட்டது. யார் செஞ்சது என்று கேட்டார். நான் முன்னால் வந்து நின்றேன். என்னை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. ஒவ்வொரு வட்டமாகத் தொட்டு, இது அப்பா, இது அம்மா, இது அத்தை என்று காட்டிக்கொண்டே போனேன். தாய்மாமன் எழுந்து வந்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அத்தையின் வட்டத்தைக் கையில் பிடித்துப் படித்தார். எழுபத்து மூணா என்று என்னைக் கேட்டார். ஆமாம், அத்தையோடதுதான் சரியான தேதி, மத்ததெல்லாம் குத்துமதிப்பு என்று விளக்கமும் கொடுத்தேன்.

யாரும் சத்தம் போடவில்லை. காபியைக் குடித்து முடித்தார்கள். ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்றார்கள். வாசல் வரை கூடவே போன அப்பா, குழந்தை ஏதோ தெரியாமல் எழுதியிருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். தாய்மாமன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

“குழந்தை பொய் சொல்லாதுங்க.”

வேன் தெருவைத் தாண்டியதும் அப்பா உள்ளே வந்து பலகையைப் பிடுங்கினார். அதாலேயே என் காலில் அடித்தார். வட்டங்கள் தரையெல்லாம் சிதறின. அப்பா கை ஓங்கினால் ஓடிவந்து என்னை இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொள்வது எப்போதும் அத்தைதான். அன்று அவள் அடுப்படி வாசலில் பூ வைத்த தலையோடு நின்றுகொண்டிருந்தாள்.

“அத்தைதான் எழுதச் சொன்னுச்சு” என்று கத்தினேன்.

அப்பா கையை நிறுத்தி அத்தையைப் பார்த்தார். அத்தை என்னைப் பார்த்தாள்.

“நான் சொல்லல.”

அதற்கப்புறம் விழுந்த அடிகள் பொய் சொன்னதற்கானவை. குழந்தை பொய் சொல்லாது என்று வந்தவர் சொல்லிவிட்டுப் போய் அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது.

வயதைத் திருத்திய சங்கதி சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு நடந்தே வந்திருந்தாலும் ஒரு வாரத்தில் வந்திருக்கும். அது போனிலேயே வந்தது. அதற்குப் பிறகு ஒரு வரன்கூட எட்டிப் பார்க்கவில்லை. அத்தை வாழ்க்கையைக் கெடுத்தவள் என்ற பெயர் எனக்கு நிலைத்துவிட்டது. நான் அத்தையோடு பேசுவதை நிறுத்தினேன். அவள் தலை வாரிவிட வந்தால் சீப்பைப் பிடுங்கிக்கொள்வேன். என் பிறந்தநாளுக்கு அவள் வாங்கி வந்த பாவாடை சட்டையை அவள் கண்ணெதிரே பாத்திரக்காரியிடம் கொடுத்து ஒரு டப்பா வாங்கினேன்.  இரண்டு வருஷம் கழித்து அத்தை புதுச்சேரியில் வேலை தேடிக்கொண்டு அங்கேயே ஒரு ஹாஸ்டலில் தங்கிவிட்டாள்.

நான் பிளஸ் டூ முடித்த வருஷம், அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். அந்தப் பாத்திரக்கடைக்காரர் திட்டக்குடிப் பக்கம் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டாராம். அந்தப் பெண் கை ஒடிந்து தாய்வீட்டுக்கு வந்துவிட்டதாம். முதல் பெண்டாட்டியும் அடி தாங்காமல்தான் போனாளாம். நம் வீட்டுப் பெண்ணை அந்தக் குலசாமிதான் காப்பாற்றியது என்றார் அப்பா. அந்த ஆடியில் பொங்கலும் வைத்தார். எனக்கு அதில் பங்கு உண்டென்று யாருக்கும் தோன்றவில்லை.

நான் அத்தைக்குப் போன் செய்தேன். ஆறு வருஷத்தில் நானாகப் பேசியது அதுதான் முதல் முறை. அந்த ஆள் அடிக்கிறவர் என்று அவளுக்கு அப்போதே தெரியுமாம். டைப்பிங் கடையில் கூட வேலை செய்தவள் அந்த முதல் மனைவியின் தெருக்காரி. அப்பாவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். ஊர் ஆயிரம் சொல்லும் என்று அவர் வாயை அடைத்துவிட்டார். அது சரி, சொல்லவில்லை என்று ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். அவள் அழவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

“நான்தான்னு தெரிஞ்சிருந்தா, அந்தக் கோவத்துலயே அடுத்த முகூர்த்தத்துல என்னை எவன் கையிலயாவது புடிச்சிக் குடுத்திருப்பாரு. உன்ன அடிப்பாரு, அவ்ளோதான். அடி ஆறிடும்னு நெனச்சேன்.”

ஆறவில்லை என்று எனக்கு வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

அன்றைக்கு, சொல்லல என்று வாயைத் திறப்பதற்கு முன் அவள் என்னைப் பார்த்தாளே, அந்தப் பார்வையை நான் பல வருஷம் எனக்கெதிரான சாட்சியாகவே வைத்திருந்தேன். அந்தக் கூடத்தில் அப்பாவுக்குப் பயந்து நின்றவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். முப்பத்து மூன்று வயதான ஒருத்தியும் பயந்து நிற்பாள் என்பது பதினோரு வயதில் எனக்குத் தெரியாது.