பொன்னுத்தாயி தேய்த்த ராஜா

காரைக்குடியில் முத்துக்கண்ணனின் பழஞ்சாமான் கடைப் பின்கட்டில் உட்கார்ந்து பித்தளையும் வெண்கலமும் தேய்ப்பதுதான் பொன்னுத்தாயிக்குப் பிழைப்பு. அந்தச் சம்பளத்தில்தான் அவள் வீட்டு உலை கொதிக்கிறது. கண்டனூர் கல்யாண வீடுகளில் சீர்ச் சாமான் பரப்புவதற்கு முன்னால் தேய்க்கப் போய்ப் பழகிய கை. அங்கே ஒரு குத்துவிளக்கில் கறுப்புத் தெரிந்தாலும் பெண்வீட்டுக்காரர் மானம் போய்விடும். அதனால் களிம்பைக் கண்டாலே அவளுக்குப் பொறுக்காது. கோபமும் மூக்குக்கு மேல் வரும்.

அன்று முதலாளி இறக்கிவைத்துப் போன கூடையில், கரண்டி கிண்ணத்தோடு பச்சையேறிய ஒரு வெண்கலக் காசும் கிடந்தது. புளியும் செங்கல் பொடியும் போட்டு அதையும் பளபளவென்று தேய்த்துவிட்டாள்.

முத்துக்கண்ணன் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடிப்பாவி மகளே! ரோமாபுரிக் காசு இது! களிம்போட இருந்தாத்தேன் மதிப்பு. ராசா மூஞ்சிய வழிச்சு எடுத்துட்டியே!"

தேய்ப்பதற்கு முன்னால் காசை எடுத்துவைத்திருந்த படத்தைச் செல்போனில் காட்டினார். ஒரு பக்கம் கிரீடம் வைத்த ராஜா. மறுபக்கம் சிறகு முளைத்த வெற்றித் தேவதை, ஒருவனை மயிரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போகிறாள்.

"இழுபடுறவன் யாரு?"

"தோத்துப்போன எவனோ. அவனா இப்ப முக்கியம்?"

அவளுக்குச் சுருக்கென்றது. கூடையில் போட்டது இவர், வசவு மட்டும் அவளுக்கா?

முதலாளி குரலைத் தணித்தார். "வேலை வேணும்னா ஒண்ணு செய்யி. உப்பு மோருல ஊறப்போடு. பழங்காசு சேக்குற ஈஸ்வரன் சார் வாங்க வர்றதுக்குள்ள களிம்பு ஏறிரும். மூஞ்சி அப்பவே தேஞ்சதுன்னு சொல்லிக்கிறலாம்."

பொன்னுத்தாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆயுசு முழுக்கக் களிம்பை எடுத்தவளிடம் என்ன பேச்சு இது! காசை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஈஸ்வரன் வந்த அன்று முதலாளி காசைக் கேட்டார். அவள் நேரே போய் ஈஸ்வரன் கையில் வைத்தாள். காசு மின்னியது.

"நாந்தேன் தெரியாம தேச்சுக் கெடுத்தேன் சார். களிம்பு ஏத்தி ஒங்க தலையில கட்டச் சொன்னாக. என்னால ஆகாது."

"நாளையிலருந்து இங்குட்டு வராத!" என்று முத்துக்கண்ணன் கத்தினார்.

ஈஸ்வரன் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முத்துக்கண்ணன், போன வருசம் ஒரு பெட்டிக் காசு குடுத்தீகளே. அதுல இருந்த களிம்பும் இப்பிடி ஏத்துனதுதானா?"

முதலாளி கெஞ்சுகிற கண்ணோடு பொன்னுத்தாயியைப் பார்த்தார்.

"எம் மூஞ்சிய எதுக்குப் பாக்குறீக?" என்று அதட்டினாள் அவள். "கேக்குறாகள்ல, அவுகளுக்குப் பதில் சொல்லுங்க."