வசனத்துக்கு அடியில் நின்றவர்கள்

சௌந்தரம் அக்கா காலமான செய்தி செவ்வாய்க்கிழமை காலை என் கைப்பேசிக்கு வந்தது. பெடாஸ் வாசகர் வட்டத்தின் செயலாளர் அனுப்பியிருந்தார். "லாபு தோட்டத்துக் கிளினிக்கில் உதவியாளராகப் பணியாற்றியவரும், ஓய்வு நேரத்தில் சிறுவர் பத்திரிகைக்குப் பொம்மை போட்டவருமான" என்று அதில் இருந்தது. துக்கம் வருமுன் எனக்குக் கோபம்தான் வந்தது. பொம்மையாம்! ஆறு ஆண்டுகள், மாதம் இரண்டு முறை, 'வெளிச்சக்காரி' என்ற சாகசச் சித்திரத் தொடரை வரைந்தவரை அரை வரியில் முடித்துவிட்டார்கள். அவர் யாரென்று ஊருக்குத் தெரியாமல் போனதில் எனக்கும் பங்கு உண்டு. அதையும் சேர்த்துச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தத் தொடர் தொடங்குமுன்பே நான் சிரம்பானில் அந்தப் பத்திரிகைக்குக் கதை வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். லாபு ரப்பர் தோட்டத்தில் ஓர் அம்மா நன்றாக வரைவதாக யாரோ சொல்ல, பத்திரிகை முதலாளி என்னை அனுப்பினார். மோட்டாரில் போய் இறங்கியபோது அக்கா ஒருவருக்குக் காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். கட்டி முடித்து, கையைக் கழுவித் துடைத்த பிறகுதான் படத்தை எடுத்துக் காட்டினார். ரப்பர் மரத்திலிருந்து ஒரு பெண் லாரிமேல் பாய்கிறாள். தோளும் முட்டியும் அவ்வளவு சரியாக இருந்தன.

"எலும்பு எங்க இருக்குன்னு தெரியாம சதைய வரைஞ்சா, அது தலகாணி தம்பி" என்றார்.

அந்தப் பெண்தான் வெளிச்சக்காரி. பால்மரம் வெட்டுபவள், விடியுமுன் இருட்டில் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவள். அவள் நெற்றி விளக்கின் ஒளி பட்டால் பொய் சொல்பவன் அசைய முடியாமல் நின்றுவிடுவான். சாகச வீரர் என்றால் முதுகில் அங்கி பறக்க வேண்டும் என்று முதலாளி கேட்டார். "மரத்துல மாட்டிக்கும் லா. அப்புறம் அவள யாரு வந்து காப்பாத்துறது?" என்று கேட்டு, முழுக்கைச் சட்டையும் தலைத்துணியுமே போதும் என்று முடித்துவிட்டார் அக்கா.

அச்சில் மட்டும் பார்த்தவர்கள் அவருடைய படத்தைப் பார்க்கவே இல்லை என்பேன். மூலப்படங்களில் மையைத் தண்ணீர் விட்டுக் கரைத்துக் கரைத்து எத்தனை விதமான சாம்பல் நிறம் எடுத்திருப்பார்! மழையில் நனைந்த மரப்பட்டை வேறு, நனைந்த சட்டை வேறு என்று கண்ணுக்குத் தெரியும். மலிவான தாளில் அச்சானபோது எல்லாம் ஒரே கரியாக அப்பிக்கொண்டது. போதாததற்கு, பெண் வரைந்த சண்டையை யார் நம்புவார்கள் என்று சொல்லி, முதலாளி அவர் பெயரை 'சௌ.' என்று பொடி எழுத்தில் போட்டார். என் பெயர் மட்டும் மேலே கொட்டை எழுத்தில் நின்றது. நான் வாயைத் திறக்கவில்லை.

ஒருநாள் அவர் அச்சகத்துக்கு வந்தார். போன இதழுக்கு அவர் வரைந்த மூலப்பக்கத்தை வைத்து ஒருவன் இயந்திரத்தில் வழிந்த மையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அக்கா அதை வாங்கி விரித்துப் பார்த்தார். "இது அவ காலு லா" என்றார், மெதுவாக. அதற்குப் பிறகு பழைய பக்கங்களைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியவற்றைத் தருவார். "பழசக் குடுங்க, புதுச வாங்கிக்குங்க தம்பி." மாதம் இரண்டு முறை நான் லாபுவுக்குப் போய்க் கொடுத்து வாங்கி வந்தேன்.

கூடவே ஒரு மருந்துப் புட்டியில் ரப்பர் பால் தருவார். வசனத்தைத் தனித்தாளில் எழுதி, வட்டமாக வெட்டிப் படத்தின்மேல் ஒட்டுவது என் வேலை. கோந்து வேண்டாம், பாலால் ஒட்டுங்கள் என்பார். நாற்றம் தாங்காது. தோட்டத்துச் சிக்கனம் என்று நான் அலுவலகத்தில் கேலி பேசியதுண்டு. ஏன் என்று ஒருமுறைகூட அவரைக் கேட்டதில்லை.

அவர் எனக்கு இரண்டு வரிக்குத்தான் இடம் விடுவார். நான் எட்டு வரி எழுதுவேன். "கொஞ்சம் சுருக்குங்க தம்பி. அங்க ஆளு நிக்கிது" என்று சொல்லியிருக்கிறார். "பின்னாடி நிக்கிற ஆள யாரு பாக்கப் போறா அக்கா?" என்று சிரித்துக்கொண்டே எட்டு வரியையும் ஒட்டினேன்.

ரெம்பாவில் நடந்த ஒரு கூட்டத்தில் விமர்சகர் ஒருவர், வெளிச்சக்காரி எப்போதும் தனியாகவே நிற்கிறாள், இந்த ஓவியருக்குப் பின்னணி வரையத் தெரியவில்லை என்று முழங்கினார். அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கைகாட்டியிருக்கலாம். காட்டவில்லை. வெளியே வந்ததும், "நல்லாத்தான் பேசுனாரு. தொண்டதான் கட்டிக்கிச்சு, சுடுதண்ணி குடிக்கச் சொல்லுங்க" என்றார்.

பிறகு பத்திரிகை நின்றது. நான் வேறு வேலைக்குப் போனேன். அக்கா ஓய்வு பெற்று, பெடாஸில் மகன் குமரனோடு இருந்தார். அடக்கம் முடிந்த மறுநாள் குமரன் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பொதியை இழுத்தார். இரண்டு பலகைகளுக்கு நடுவில், அக்கா திருப்பி வாங்கிய மூலப்படங்கள் அத்தனையும் இருந்தன. பிரித்துத் தூக்கியதும் என் வசனங்கள் பொலபொலவென்று தரையில் கொட்டின. பால் காய்ந்து, தாளில் ஒரு நார்கூடக் கிழியாமல் உரிந்திருந்தது. அதற்காகத்தான் அவர் கோந்து வேண்டாம் என்றிருக்கிறார்.

படங்களில் வசனம் உதிர்ந்த இடங்களிலெல்லாம் மனிதர்கள் நின்றார்கள். இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி. வாளியோடு இருவர். நான் முதல்நாள் பார்த்த, காலில் கட்டுப் போட்டுக்கொண்டவர். குமரன் விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே போனார்: "இது முனியம்மா அத்த. இது மூணாவது லயத்து ஆறுமுகம் மாமா." பக்கத்துக்குப் பக்கம் இப்படித்தான், லயத்து வரிசை வீடுகளில் இருந்த தோட்டத்து ஆட்கள். வெளிச்சக்காரி ஒருநாளும் தனியாக நிற்கவில்லை. அவளைத் தனியாக்கியவன் நான். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்துச் செயலாளர் வந்தார். பழைய இதழ்களை அப்படியே நகலெடுத்து நினைவு மலர் போடப் போகிறார்களாம். இந்தப் படங்களைத்தான் அச்சிட வேண்டும் என்றேன்.

"வசனம் இல்லாம யாரு சார் படிப்பா? இதழ்ல உங்க பேரும் பெருசா இருக்குல்ல."

"அந்த வசனம் என்னுது. அதப் போட நான் விட மாட்டேன்."

"கோவத்துல பேசுறீங்க. அப்படின்னா எழுதிக் குடுங்க."

இதோ எழுதிக் கொடுத்துவிட்டேன். 'வெளிச்சக்காரி'க்கு நான் எழுதிய ஒரு வரியையும் யாரும் அச்சிடக் கூடாது. மலர் வருவதானால் அக்கா வரைந்தபடி, அவருடைய முழுப்பெயரோடு வரட்டும். கதை புரியாது என்பவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கட்டும்.

அன்று கிளம்புமுன் குமரனிடம் துடைப்பம் கேட்டு வாங்கி, தரையில் கிடந்த என் வசனங்களை நானே கூட்டி அள்ளினேன். மேசையில் ஒரு பக்கம் திறந்தபடி இருந்தது. நெற்றி விளக்கோடு அவள் நிற்கிறாள், பின்னால் லயமே திரண்டு நிற்கிறது.

போய் வாருங்கள், அக்கா. ஆள் நிற்கிற இடத்தில் இனி நான் எழுத மாட்டேன்.