தோழன் மோதிரம்

புவனேசன் குனிந்து நின்றால் புல்டோசர் வந்துதான் கிளப்ப வேண்டும் என்பது லண்டன் சட்டன் ஹெரன்ஸ் அணிக்காரரின் பகிடி. அமெரிக்கன் புட்போலில் அவனுக்கு 'சென்டர்' இடம். பந்தின் மேல் குனிந்து, அதைக் கால்களுக்கிடையால் பின்னுக்குக் கொடுத்துவிட்டு, பாய்ந்து வருகிறவனை நெஞ்சால் மறிக்க வேண்டும். பின்னால் நிற்கிற ஜேமி பந்தை எறிந்து பெயர் வாங்குவான். மறித்தவன் யாரென்று ஒருவரும் கேட்பதில்லை. புவனேசனுக்கு அதில் குறையும் இல்லை. பெயர் வாங்கத்தான் அவனிடம் பட்டம் இருந்ததே!

யாழ்ப்பாணத்துப் புலோலித் தோட்டக்காரரின் மகன். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் கால் அவனுடையதுதான். லண்டனுக்கு வந்து, பெற்றோல் நிலையத்தில் வேலைக்கு நின்றுகொண்டே சிவில் எஞ்சினியரிங் படித்து முடித்தான். கறுப்பு அங்கியோடு எடுத்து அனுப்பிய படத்தை அப்பா சாமிப் படங்களுக்கு நடுவில் மாட்டி விளக்கும் கொளுத்தி வைக்க, "உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு என்ன விளக்கு?" என்று அம்மா சண்டை பிடித்ததாகத் தங்கை விதுஷா சொல்லிச் சிரிப்பாள். இப்போது கவுன்சிலில் வீதிப் பகுதியில் வேலை. விதுஷாவையும் கூப்பிட்டுப் படிப்பித்து, சட்டனில் தன்னோடு வைத்திருந்தான்.

இந்த விளையாட்டுக்கு அவனை இழுத்து வந்தவன் துஷாந்தன். பல்கலைக்கழகத்தில் பக்கத்துக் கதிரை. "கிரிக்கெட் டீமிலை இடமில்லை மச்சான். இதிலை ஆக்கள் காணாது எண்டு அழுகிறாங்கள். உன்ரை உடம்புக்கு இவங்கள் கும்பிட்டு எடுப்பாங்கள்" என்றான். எடுத்தார்கள். படித்து முடித்த பிறகு இருவரும் ஒன்றாகவே ஹெரன்ஸில் சேர்ந்து, வரிசையில் தோளோடு தோள் நின்றார்கள்.

அந்த வரிசைக்கு ஒரு இரகசியம் இருந்தது. பந்து கிளம்ப முதல், ஐந்து பேரும் எந்தப் பக்கம் சாய்ந்து மறிப்பது என்று சென்டர் கத்திச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் கத்தினால் எதிரிக்கும் விளங்கும். ஒருநாள் விதுஷா சாப்பாடு பரிமாற, மேசையிலேயே இருவரும் சேர்ந்து வழி கண்டுபிடித்தார்கள். இடியப்பம் என்றால் இடப்பக்கம். புட்டு என்றால் வலப்பக்கம். சொதி என்றால் நடு. ஆறடி வெள்ளைக்காரர் மூன்று பேர் "புட்டு! புட்டு!" என்று முணுமுணுத்துக்கொண்டு பாய்கிற காட்சியை அதற்கு முதல் லண்டன் கண்டிராது. தமிழ் தெரிந்தவன் கேட்டாலும் அவனுக்கு அது சாப்பாடுதான். பக்கம் தெரியாது.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு இளவேனிலில் துஷாந்தன் முழங்கால் நோகுதென்று விளையாட்டை விட்டான். அதற்குள் அவனுக்கும் விதுஷாவுக்கும் மனம் ஒத்துப்போயிருந்தது. புவனேசனே முன்னின்று இரண்டு வீட்டோடும் பேசி முடித்தான். ஒக்டோபரில் கலியாணம். பெண்ணின் தமையன் என்ற முறையில் மாப்பிள்ளைத் தோழன் அவன்தான்: வாசலில் மாப்பிள்ளையின் கால் கழுவி, அதற்கு அவன் போட்டுவிடும் மோதிரத்தை வாங்கி, கைபிடித்து மணவறைக்குக் கூட்டிப்போக வேண்டியவன்.

"கால் கழுவேக்கை அந்த நொந்த முழங்காலையும் ஒருக்கா உருவி விடு" என்று துஷாந்தன் பகிடி விடுவான்.

"முதலிலை குளிச்சிட்டு வா. மிச்சத்தைப் பாப்பம்."

கலியாணத்துக்கு முன்னம் செப்டெம்பரில் இறுதியாட்டம் வந்தது. ஹெரன்ஸ் தன் பிரிவில் ஒருநாளும் இறுதிவரை போனதில்லை. வென்றால் அமெரிக்காவில் போல ஆளுக்கொரு மோதிரம் என்று பயிற்றுநர் எட்வேட் சொல்லியிருந்தார். எதிரணி கிழக்கு லண்டன் ஹார்பூன்ஸ். துஷாந்தன், "நான் பாக்க வாறன் மச்சான்" என்றான். விதுஷாவும் வந்தாள்.

தொடக்கத்திலிருந்தே எல்லாம் பிழையாய்ப் போனது. புவனேசன் "இடியப்பம்!" என்று கத்தி எல்லோரும் இடப்பக்கம் சாய்ந்தால், ஹார்பூன்ஸ்காரர் திறந்து கிடந்த வலப்பக்கத்தால் வந்து ஜேமியைக் குப்புறத் தள்ளினார்கள். "புட்டு!" என்றால் இடப்பக்கத்தால் வந்தார்கள். தற்செயல் என்று ஒருதரம் நினைக்கலாம், இரண்டுதரம் நினைக்கலாம். மூன்றாந்தரம் அவன் "இடியப்பம்!" என்று கத்திய கையோடு எதிர்ப்பக்கக் கோட்டிலிருந்து, திறந்த பக்கத்தைக் காட்டி, ஆங்கிலத்தில் ஒரு குரல் கேட்டது: "ரைட்! ரைட்!"

அந்தக் குரலோடு அவன் பத்து வருடம் சோறு தின்றிருக்கிறான்.

தலைக்கவசக் கம்பிக்குள்ளால் பார்த்தான். ஹார்பூன்ஸ் தொப்பி போட்டுக்கொண்டு, வாய்க்குக் கையைக் குவித்தபடி துஷாந்தன் நின்றான்.

இடைவேளையில் ஹெரன்ஸ் பதின்மூன்று புள்ளி பின்னால் நின்றது. உடுப்பறைக்குப் போகாமல் புவனேசன் மைதானத்தைச் சுற்றி ஓடிப்போய் அவனைப் பிடித்தான்.

"என்னடா இது?"

"கத்தாதை மச்சான், ஆக்கள் பாக்கினம்." துஷாந்தன் தொப்பியைக் கழற்றினான். "அடுத்த வருசம் இவங்கள் என்னைக் கோச்சா எடுக்கிறாங்கள். முழங்கால் போனவனுக்கு வேறை என்ன இருக்கு? எங்கை, உனக்கு என்ன தெரியும் எண்டு கேட்டாங்கள்..."

"அதுக்கு என்னையே வித்துப் போட்டாய்?"

"சீ, பெரிய கதை கதையாதை. இனி வாய் திறக்கமாட்டன். அம்மாளாணை."

அம்மாளாணை என்ற சொல்லைப் புலோலியில் விளையாட்டுக்குச் சொல்வதில்லை. அம்மன் பெயரில் சத்தியம் பண்ணிவிட்டால் நீதிமன்றம் வரை இழுத்த காணிச் சண்டையையும் அதோடு விட்டுவிடுவார்கள். புவனேசனுக்கு மூச்சு ஆறியது. எஞ்சினியரிங் படித்த தலைதான். ஆனாலும் அந்தச் சொல்லுக்கு மேலே கேள்வி கேட்க அதற்குத் தெரியவில்லை.

எட்வேட்டிடம் சொல்வதா? சொன்னால் சங்கேதத்தை உடனே மாற்றிவிடலாம். ஆனால் தன் வீட்டு மாப்பிள்ளையைக் கள்ளன் என்று பத்துப் பேருக்கு முன்னால் சொல்ல நாக்கு எழும்பவில்லை. என்ன பிழைக்கிறதென்று எட்வேட் நேரே கேட்டபோது, "இனிச் சரிவரும்" என்று மட்டும் சொன்னான்.

சரியும் வந்தது. எதிர்க்கோட்டில் துஷாந்தன் கையைக் கட்டிக்கொண்டு, வாய் திறவாமல் நின்றான். ஜேமிக்கு எறிய நேரம் கிடைத்தது. எதிரியின் கோட்டைத் தாண்டி ஒரு டச்டவுன். கொஞ்சம் பொறுத்து அடுத்ததும். பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. அதன் பிறகு ஹார்பூன்ஸ் பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுத்து முந்தியது. பதினாறுக்குப் பதின்மூன்று. கடைசி நிமிடத்தில் ஹெரன்ஸ் மைதானம் முழுக்கப் பந்தைத் தள்ளிக்கொண்டு எதிரியின் கோட்டுக்கு முன்னால் வந்து நின்றது. எட்டிப் பாய்ந்தால் கோடு. இன்னும் ஒரேயொரு ஆட்டத்துக்குத்தான் நேரம். உதைத்துச் சமன் செய்வதா என்று கேட்ட ஜேமிக்கு, "வெல்லவல்லோ வந்தனாங்கள்" என்று எட்வேட் சொன்னதன் ஆங்கிலம் காட்டமாக இருந்தது.

புவனேசன் குனிந்தான். பந்தில் கை வைத்தான். ஒருக்கால் எதிர்க்கோட்டைப் பார்த்தான். கட்டிய கை கட்டியபடியே இருந்தது. என்ரை மச்சான், என்று அவன் மனம் அந்த நேரத்திலும் இளகியது.

"இடியப்பம்!"

"ரைட்! எல்லாரும் ரைட்!"

பந்து அவன் கையை விட்டுப் போய்விட்டது. வலப்பக்கத்தால் சுவர் சரிந்ததுபோல் ஹார்பூன்ஸ் வந்து விழுந்தது. ஜேமி கோட்டுக்கு இந்தப் பக்கமே விழுந்தான். புவனேசனின் வலக்கை யாரோ ஒருவனின் தலைக்கவசத்துக்கும் நிலத்துக்கும் நடுவில் அகப்பட்டு, மோதிர விரல் 'டக்' என்றது. நடுவரின் ஊதலோடு ஆட்டம் முடிந்தது.

எழும்பியபோது அணிக்காரர் ஒருவரும் கை கொடுக்கவில்லை. வரிசையில் அவனுக்குப் பக்கத்தில் நிற்கிற ரொப், எதிர்க்கோட்டில் தூக்கிக் கொண்டாடப்படுகிறவனைக் காட்டி, "அவன் உன்னுடைய ஆள்தானே? இடைவேளையில் அவனோடு என்ன கதைத்தாய்?" என்று கேட்டான். புவனேசன் வாயைத் திறந்தான். அம்மாளாணையை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? எட்வேட் அவனைப் பார்க்காமலே பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

காரில் விதுஷா முன்சீற்றில் இருந்து அழுதாள். இவ்வளவு ஏன் அழுகிறாள் என்று அவனுக்கு மெல்லத்தான் உறைத்தது.

"உனக்கு முதலே தெரியுமோ?"

"போன மாசமே சொன்னவர் அண்ணா. நான் வேண்டாமெண்டுதான் சொன்னனான்."

"என்னட்டை ஏன் சொல்லேல்லை?"

"கலியாணத்துக்கு முதல் ரெண்டு பேரும் சண்டை பிடிச்சால் நான் என்ன செய்யிறது? விளையாட்டுத்தானே எண்டு நினைச்சன்."

வீங்கிய வலக்கையால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாததால், இடக்கையை எடுத்துக் கியரை மாற்றாமல், அவன் அடுத்த சிவப்பு விளக்கு வரைக்கும் பழைய கியரிலேயே ஓட்டினான்.

கலியாணத்துக்கு வரமாட்டேன் என்றான். புலோலியிலிருந்து அம்மா போன் எடுத்து, பெட்டையின் கலியாணத்தில் தோழனாய் நிற்க வேறு ஆர் என்று கேட்டு அழுதாள். விதுஷா அவன் அறைக்கதவுக்கு வெளியே நிலத்தில் இருந்தாள். கடைசியில் வேட்டி கட்டினான்.

மண்டப வாசலில் நாதஸ்வரம் காதைப் பிய்த்தது. பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாகத் துஷாந்தன் பலகையில் ஏறி நின்றான். புவனேசன் குனிந்தான். குனிவது அவனுக்குப் பழக்கம்தான். செம்பிலிருந்து தண்ணீர் வார்த்து, இரண்டு பாதத்தையும் கழுவி, துவாயால் விரலிடுக்குவரை துடைத்துவிட்டான். கமெராக்காரர் இன்னொருக்கால் வார்க்கச் சொன்னார். வார்த்தான்.

"இன்னும் கோவமோ மச்சான்?" மேலிருந்து துஷாந்தன் மெல்லக் கேட்டான். "விளையாட்டுத்தானேடா."

புவனேசன் நிமிர்ந்து கையை நீட்டினான். துஷாந்தன் சிரித்துக்கொண்டு மோதிரத்தை அவன் வலக்கை விரலில் தள்ளினான். நடு மூட்டில் போய் நின்றது. திருகிப் பார்த்தான். ஏறவில்லை. அந்த மூட்டு இன்னும் கறுத்து வீங்கிக் கிடந்தது. துஷாந்தன் அதைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"பரவாயில்லை, இடக்கை விரலிலை போடுங்கோ. நேரம் போகுது" என்றார் ஐயர்.

இடக்கையில் ஒரு கீறலும் இல்லை. அதை முதுகுக்குப் பின்னால் எடுத்துக்கொண்டு, துஷாந்தனைப் பார்க்காமல் ஐயரைப் பார்த்தே புவனேசன் சொன்னான்:

"அதிலையும் ஏறாது ஐயா."