ரயில் கடைக்கு ஒரு ஓட்டு

எங்கள் அலுவலகத்தில் ஐந்து பேர் சேர்ந்து ஜப்பான்காரர்களின் சுஷி சாப்பிடப் போவதென்று முடிவாகி, எந்தக் கடை என்பதில் மூன்று நாளாக வாட்ஸ்அப்பில் அடிதடி நடக்கிறது. ஒன்று பழைய பாணிக் கடை. பலகைக்கு அந்தப் பக்கம் நிற்கும் சமையல்காரர் சோற்றைக் கையால் பிடித்து, மேலே மீன் துண்டை வைத்து, நம் முகத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தருவார். மற்றது புதுப் பாணி. சுவரில் ஒரு பொந்து, அதிலிருந்து ஓடும் ரப்பர் பட்டை மேல் தட்டுகள் ஊர்ந்து வரும். யாரும் எடுக்காத தட்டு சுற்றிவிட்டு அதே பொந்துக்குள் போய்விடும். இரண்டுக்கும் இரண்டிரண்டு ஓட்டு விழுந்தாயிற்று. என்னுடையதுதான் பாக்கி. சென்னையில் இதற்கெல்லாம் கவலைப்பட நேரம் இருக்கிறது என்று கேலி பேசித் தப்பித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்பது வயதில் நான் இப்படி ஒரு ஓட்டுப் போட்ட கதை அவர்களுக்குத் தெரியாது.

அப்போது நாங்கள் தென்காசியில் இருந்தோம். உம்மாவின் ஒரே தம்பி துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். மாமா பெரிய ஜப்பான் ஹோட்டலில் இருக்கிறார் என்று உம்மா தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். சோற்றின் மேல் பச்சை மீனை வைத்துக் கொடுக்கிற வேலை என்ற விவரத்தை மட்டும் சாமர்த்தியமாக விட்டுவிடுவாள்.

மாமா என்னைத் தோளில் தூக்கவில்லை, முன்னைப் போல ஏய்த்து விளையாடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கைகள்தான் சும்மா இருக்கவில்லை. இடது கை காற்றில் எதையோ அள்ளும், வலது கையின் இரண்டு விரல்கள் அதை அழுத்தும், திருப்பும், மறுபடி அழுத்தும், பிறகு பக்கத்தில் மெதுவாக வைக்கும். அருவியில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்தாலும் அந்தக் கைகளில், சுஷிச் சோற்றில் கலக்கிற வினிகரின் வாடை போகாது.

ஒரு நாள் மதியம் அவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். கைகள் தூங்கவில்லை. நெஞ்சின் மேல் அள்ளி, அழுத்தி, திருப்பி, வைத்துக்கொண்டே இருந்தன. எனக்குப் பயமாக இருந்தது, ஆனாலும் போய் ஒரு கையைப் பிடித்தேன். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தது மாதிரி இருந்தது. உடனே நின்றது. விட்டேன், தொடங்கியது. கண்ணைத் திறக்காமலே மாமா கேட்டார்.

"எத்தனை ஆச்சு?"

யாரிடம் கேட்டார் என்று தெரியாமல் நான் அடுப்படிக்கு ஓடிவிட்டேன்.

சாயங்காலம் அவரே கூப்பிட்டு எல்லாம் சொன்னார். துபாயில் அவர் வேலை பார்ப்பது ஜன்னல் இல்லாத அறை. சுவரில் பொந்து, அதில் பட்டை ஓடும். இவர் வைக்கிற தட்டு வெளியே போகும். சில தட்டு காலியாக வரும், சில அப்படியே திரும்பி வரும்.

"யாரு சாப்பிடுதானு தெரியாதா மாமா?"

"அஞ்சு வருசத்துல ஒருத்தன் மொகம் கூடப் பாத்ததில்லட்டி. தட்டு போவும், தட்டு வரும். ஆளே கிடையாது."

எனக்கு அது மாயாஜாலக் கதை போல இருந்தது. இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.

வந்த முதல் வாரத்திலேயே அவர் உம்மாவிடம், "இனி போவலக்கா" என்று சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். உம்மாவின் தங்கை, என் சின்னம்மாவுக்கு நிச்சயம் ஆகியிருந்த நேரம். மாப்பிள்ளை வீட்டாரிடம் துபாய் மச்சானைக் காட்டித்தான் பேச்சே முடிந்திருந்தது. உம்மா அழுது தீர்த்துவிட்டாள். மாமா பேச்சை நிறுத்திக்கொண்டார். அதன் பிறகு தினமும் மூன்று மணிக்குச் சொல்லாமல் எங்கோ போய்விட்டு மஃரிப் தொழுகை நேரத்துக்குத் திரும்பி வந்தார். அந்த நாட்களில் அவர் சட்டையில் விறகுப் புகை வாடை அடிக்கும்.

பயணத்துக்கு முந்தின ராத்திரி எல்லோருமாக வெளியே சாப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். குற்றாலம் ரோட்டில் பழைய பரோட்டா கடை ஒன்று உண்டு. அங்கே பரோட்டாவைப் பரிமாறுகிறவரே இலையில் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றிக் குழைத்தும் கொடுத்துவிடுவார். அதற்குக் கொஞ்ச தூரத்தில் அந்தச் சாரல் சீசனுக்குத்தான் ஒரு ஏசி ஹோட்டல் திறந்திருந்தார்கள். அங்கே பொம்மை ரயில் தண்டவாளத்தில் ஓடி வந்து மேசைக்கு மேசை சாப்பாடு இறக்கும். என் வகுப்பில் பாதிப் பேர் போய் வந்து அளந்துகொண்டிருந்தார்கள்.

வாப்பாவும் மாமாவும் பழைய கடை என்றார்கள். ஆம்பளைக் கூட்டத்துக்கு நடுவில் புகையில் உட்கார முடியாது என்று உம்மாவும் சின்னம்மாவும் ரயில் கடை என்றார்கள். மாமா என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"நீ சொல்லுட்டி. இன்னிக்கு மட்டும் பழைய கடைக்குப் போவோம். நாளைக்கு ரயில் கடைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

எனக்கு ஆத்திரம் வந்தது. நாளைக்கு அவருக்குத் திருவனந்தபுரத்தில் பிளைட். சின்னப் பிள்ளையென்று ஏமாற்றப் பார்க்கிறாரே!

"ரயில் கடைதான்" என்றேன். மாமா எழுந்து போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டார்.

ரயில் கடையில் நீல விளக்கு. எல்லோர் முகமும் நோயாளி முகம் போல இருந்தது. தண்டவாளம் சுவரில் இருந்த ஒரு பொந்திலிருந்து வந்தது. எங்களுக்குக் கிடைத்தது அந்தப் பொந்துக்குப் பக்கத்து மேசை. நான் துள்ளினேன். மாமா அந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், ஒரு விசயம் சொல்லணும்" என்று வாப்பாவைப் பார்த்து அவர் ஆரம்பித்ததும் ரயில் கூவென்று கத்திக்கொண்டு வந்தது. நாங்கள் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிக் கை தட்டினோம். தட்டுகளை இறக்கி முடித்து, "என்ன மாப்ள, என்னமோ சொன்னியே?" என்று வாப்பா கேட்டபோது, ஒன்றுமில்லை என்றார்.

பிறகுதான் அது நடந்தது. மாமா டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்தார். என் தட்டிலிருந்து சோற்றை எடுத்து அழுத்தினார், திருப்பினார், அழுத்தினார். வறுத்த மீனில் ஒரு துண்டை மேலே வைத்து, ரயிலின் காலிப் பெட்டியில் வைத்தார். ரயில் பொந்துக்குள் போனது. சாப்பாட்டை வீணாக்காதே என்றாள் சின்னம்மா. ரயில் திரும்பி வந்தது. பெட்டி துடைத்தது போலக் காலி.

மறுபடி வைத்தார். மறுபடி காலி. மூன்றாவது தடவை ரயில் உள்ளே நுழையும்போது பொந்தின் விளிம்பில் இரண்டு விரல்கள் தெரிந்தன. ஈரத்தில் ஊறி வெளுத்து, நுனி சுருங்கிய விரல்கள். மாமாவின் விரல்களேதான்! நான் திரும்பி மாமாவைப் பார்த்தேன். அவர் கைகள் மேசைக்கு மேலே இல்லை. உம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"ஏட்டி, பயப்படாத" என்றார் மாமா. "உள்ள ஒருத்தன் நிக்காம்லா. அவனுக்கும் பசிக்கும்."

மறுநாள் விடியும்போது அவர் போய்விட்டார். சின்னம்மா கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. இப்போதும் அங்கேதான் இருக்கிறார். வீடியோ காலில் வரும்போது போனை எதிலோ சாய்த்து வைத்துவிடுவார். சிரிப்பார், எல்லோரையும் விசாரிப்பார். கைகள் திரைக்குக் கீழே இருக்கும். தோள்கள் மட்டும் அசைந்துகொண்டே இருக்கும்.

போன சாரலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அந்தப் பழைய கடையில் பார்சல் வாங்க நின்றேன். யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்த முதலாளி, மாமா பெயரைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒங்க மாமன் ஒரு மாசம் தெனமும் இங்கன வந்து பரோட்டாக் கல்லுல நின்னாம்மா. கை அப்படி ஒரு கை! வேலைக்கு வச்சுக்கிடுதேன்னு நானே ஒங்க வாப்பாகிட்டச் சொல்லுததா இருந்தேன். பிளைட்டுக்கு மொத நா ராத்திரி எல்லாரையும் கூட்டிட்டு வாரேன்னான். மூலை மேசைய ஒம்பது மணி வரைக்கும் யாருக்கும் விடாம வச்சிருந்தேன். வரவே இல்ல."

பார்சலை வாங்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது, பஸ்ஸில் ஏறத் தோன்றவில்லை. மாமா என்னை ஏமாற்றவே இல்லை. நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன் என்று அவர் சொன்னது நிஜமாகவே நாளைக்குத்தான்.