பீட்ரூட் சாறும் என் எண்ணூறு மீட்டரும்

நான் குடித்தது பீட்ரூட் சாறு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அது வேறு என்னவெல்லாமோ ஆகிப் போனது.

எண்ணூறு மீட்டர் ஓடுகிறவள் நான். பகலில் கொழுந்து பறிப்பேன், வேலை விட்டதும் ஓடுவேன். இருபத்து மூன்று வயதில் முதல் தடவையாக மாவட்டத் தெரிவுப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தேன். எங்களுக்கு மைதானம் கிடையாது. ஃபேக்டரியிலிருந்து மேல் மலைக்குப் போகும் கொங்கிரீட் ரோட்டில், வளைவு வரைக்கும் உயிரைக் கொடுத்து ஏறுவேன். நடந்து இறங்குவேன். மறுபடி ஏறுவேன். எட்டுத் தடவை. ஆறாவது ஏற்றத்திலேயே தொடை கல்லாகிவிடும். அதற்கப்புறம் ஓட்டம் இல்லை, தவழ்தல்தான்.

பீட்ரூட் பற்றி ஃபோனில் பார்த்தேன். ஓடுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் குடித்தால் களைப்புத் தள்ளிப் போகுமாம். டப்பாவில் விற்கிற தூளுக்கெல்லாம் நான் எங்கே போவது? பீட்ரூட் எங்கள் ஊரில் மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. வெடித்த கிழங்கைக் கீழே மரக்கறித் தோட்டத்தில் லொறிக்கு ஏற்றமாட்டார்கள். கேட்டால் தருவார்கள். துருவி, பழைய வேட்டித் துணியில் பிழிந்து, தேசிக்காய்ப் புளி விட்டு, மத்தியானம் மலையிலேயே ஒரு தம்ளர் குடிப்பேன். மண் வாசம் அடிக்கும். மூக்கைப் பிடித்துக்கொள்வேன்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. வாரக் கடைசியில் ஏழாவது ஏற்றத்தை ஓடியே முடித்தேன். சாறுதான் காரணமா, கால் பழகிவிட்டதா, எனக்குத் தெரியாது. ஓடினேன், அவ்வளவு போதும்.

பிரச்சினை கக்கூஸில் வந்தது. லயத்தில் வரிசையாக இருக்கும் ஆறு காம்பரா வீட்டுக்கும் ஒரே கக்கூஸ். அன்றைக்கு வாளியில் தண்ணீர் குறைவு, சரியாக ஊற்றாமல் வந்துவிட்டேன். எனக்குப் பின்னால் போனது அடுத்த காம்பரா அக்கா. சிவப்பாகக் கிடந்ததைப் பார்த்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மறுநாள் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு நான் போய்ச் சேர்வதற்குள், அவர்கள் வாயில், கல்யாணமாகாத எனக்குக் கரு கலைந்திருந்தது.

"அதான் இந்த ஓட்டம் ஓடியிருக்கா" என்றாள் ஒருத்தி, எனக்குக் கேட்கட்டும் என்றே.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் ஓடுகிற சப்பாத்தை ட்ரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். போட்டிக்கு மூன்றே நாள்.

"பீட்ரூட்டும்மா. குடிச்சா அப்படித்தான் போகும்."

"நானும்தான் பொறந்ததுலேருந்து பீட்ரூட் திங்கிறேன். எனக்கு எங்கடி போச்சு?"

"கறியில ரெண்டு துண்டு திங்கிறதும் தம்ளர் தம்ளரா குடிக்கிறதும் ஒண்ணா?"

"நாளைக்கு தோட்டத்து ஆஸ்பத்திரி மிஸ்ஸிகிட்ட வா. செக் பண்ணிட்டு அவங்க வாயால சொல்லட்டும். சப்பாத்தத் தர்றேன்."

"வரமாட்டேன்."

போயிருந்தால் ஐந்து நிமிட வேலை. நான் போகவில்லை. செய்யாத ஒன்றைச் செய்யவில்லை என்று காட்ட மூத்திரம் பிடித்துக் கொடுக்க வேண்டுமா? செய்திருந்தாலும்தான் இவர்களுக்கு என்ன?

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது ஒரு போத்தல் சாறோடு அக்கா முன்னால் போய் நின்றேன்.

"இந்தாங்கக்கா, குடிங்க. நாளைக்கு என்ன கலருன்னு எல்லாருக்கும் சொல்லுங்க. சொல்றதுல நீங்க கெட்டிக்காரியாச்சே."

கங்காணி சிரித்துவிட்டார். அக்கா வீம்புக்குப் பாதிப் போத்தலை மடமடவென்று குடித்தாள். மீதியை அம்மா பிடுங்கிக் குடித்தாள், என் முகத்தைப் பார்க்காமலே.

அடுத்த நாள் பெரட்டுக்கு அக்கா கைதட்டிக்கொண்டு வந்தாள். "எனக்கு ஒண்ணும் ஆகல. எப்பவும் போலத்தான் போச்சு. இப்ப என்னா சொல்ற?"

எல்லோருக்கும் சிவக்காது என்று எனக்கு அப்போது தெரியாது. நானே போய் என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். பெரட்டு முழுக்க என்னையே பார்த்தது.

கூடைக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"எனக்கு செவப்பாத்தான் போச்சு" என்றாள். "எனக்கு வயசு அம்பத்தி ரெண்டு. நானும் கலைச்சிட்டேன்னு போயி சொல்லு."

அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு ஏறினாள். அன்று சாயந்தரம் சப்பாத்து வாசலில் இருந்தது. அம்மாவுக்கு உண்மையிலேயே சிவப்பாகப் போனதா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. சிலருக்குத்தான் அப்படி ஆகும், உடம்பில் இரும்புச்சத்துக் குறைந்தவர்களுக்குக் கூடுதலாக ஆகும் என்று பிறகு மிஸ்ஸி சொன்னார். ரொட்டியும் சம்பலும் தின்று மலையேறுகிற எங்களுக்கு இரும்பு எங்கேயிருந்து வரும்? அதைப் பற்றிப் பேச எவளுக்கும் வாய் இல்லை.

நுவரெலியாவில் நடந்த போட்டியில் நான் மூன்றாவதாக வந்தேன். இரண்டு பேரைத்தான் எடுத்தார்கள். முன்னால் போனவர்கள் என்னைவிட நல்ல ஓட்டக்காரிகள். அழவில்லை என்று பொய் சொல்லமாட்டேன், பஸ்ஸில் அழுதேன்.

லயத்துக்கு வந்து இறங்கியபோது அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னா, எத்தனாவது?"

"மூணாவது."

"சாறு குடிச்சுமா? அப்ப அவ்வளவுதானா?"

"திங்கக்கெழம மறுபடி ஓடுறேன்" என்றேன். "ரோட்ட விட்டுத் தள்ளி நில்லுங்க."