ஸ்டெல்லாவின் பாட்டுக்குக் காற்றடித்தவன்

ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டி இரண்டு, ஒரு பட்டறை, திருச்செங்கோட்டில் மாடி வீடு, தண்ணீரே கிடையாது என்று எல்லோரும் கைவிட்ட கரட்டில் பொங்கி வந்த தண்ணீர். ஆறாம் வகுப்பைத் தாண்டாத நான் உண்டாக்கியவை இவை. இவற்றுக்கெல்லாம் முன்னால் உண்டாக்கிய ஒன்றை மட்டும் ஊர் என் பெயரில் சொல்வதில்லை.

அணைத்த மெழுகுவத்தியின் வாசம் பட்டால் போதும், இளம்பிள்ளை ஊர்ப் பக்கம் எங்கள் மாதா கோயிலில், ‘கால் ஆர்மோனிய’த்துக்கு அடியில், எலிப்புழுக்கை நடுவே முழங்காலிட்டுக் கிடக்கும் பையனாகிவிடுவேன். தங்கை ஸ்டெல்லாவுக்குக் கட்டைகள் கைக்கு எட்டின, மிதிகள் காலுக்கு எட்டவில்லை. அதனால் நான் கீழே குனிந்து இரண்டு மிதிகளையும் கையால் மாற்றி மாற்றி அழுத்திக் காற்றடிக்க, மேலே அவள் வாசிப்பாள். சத்தம் தொய்ந்தால் என் தோளில் உதை விழும்.

“காத்துண்ணா, காத்து! தூங்கிட்டயா?”

அப்பா அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: “கிறிஸ்துமஸ் பூசைல மானத்தை வாங்குனா, மறுநாளே தறிக்கு நூல் சுத்தப் போயிரோணும் கண்ணு.”

அந்தப் பூசையில், பாட்டின் நடுவே என் இரண்டு கையும் மரத்துப்போயின. காற்று நின்றது. மேலே ஸ்டெல்லா பதறவில்லை. விரலை எடுத்துவிட்டு, வேண்டுமென்றே நிறுத்தியவள்போல் தலைகுனிந்து காத்திருந்தாள். நான் கையை உதறிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினேன், பாட்டு எழுந்தது.

பூசை முடிந்ததும் சாமியார் அப்பாவிடம் வந்தார். “நடுவுல நின்னுச்சுங்களே, அங்கதான் எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப்போச்சு. இந்தப் புள்ளையத் தறிக்கு அனுப்பாதீங்க.”

“நின்னதுக்கேவா இத்தனை மெச்சுறீங்க சாமி!” என்று அப்பா சிரித்தார்.

இன்று ஸ்டெல்லா பியானோ வாசிக்கிறாள், இசையமைக்கிறாள், அஸ்தம்பட்டியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அவள் அமைக்கும் எல்லாப் பாட்டிலும் அந்த நிறுத்தம் உண்டு. ஒருநாள் வகுப்பின் கடைசியில் உட்கார்ந்திருந்தேன். “எவ்வளவு நேரம் மிஸ் நிறுத்தணும்?” என்றது ஒரு குழந்தை. “ஒருத்தர் கையை உதறிக்கிற நேரம்,” என்றாள் ஸ்டெல்லா. யாருடைய கை என்று சொல்லவில்லை.

போன மாதப் பாராட்டு விழாவில், “பியானோ வாங்கிக்கொடுத்த அண்ணன்” என்று எனக்கு மாலை போட்டார்கள். பியானோவைக் காசுள்ள எவனும் வாங்கிக்கொடுப்பான்.

அந்த ஆர்மோனியத்தைக் கறையான் தின்றுவிட்டது. மிச்சமிருந்த பலகை, கோயில் அசன விருந்துக்குச் சமைத்த அடுப்பில் எரிந்துபோனது. பாறை துளைத்த தூசியெல்லாம் என் நெஞ்சில் படிந்து, கட்டிலோரம் ஆக்சிஜன் மெஷின் இரைகிறது. இப்போது எனக்குக் காற்றடிக்க ஒருவரும் இல்லை, மெஷின்தான். எந்நேரம் நிற்குமோ தெரியவில்லை. என் மூச்சு நின்றால் மறுபடி அழுத்த யாராலும் ஆகாது.

ஸ்டெல்லா, அடுத்த கச்சேரி நோட்டீஸில் இசை, பியானோ என்று உன் பெயரைத் தாராளமாகப் போட்டுக்கொள். அதற்குக் கீழே ‘காற்று: சவரிமுத்து’ என்று போடு. நான் வாசித்துப் பார்க்கிற மாதிரி, சீக்கிரம் போடு.